குப்பையைக் கக்காத சுல்தான்

பேகம்பூர், திண்டுக்கல்.
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

பாசமும் மரியாதையும் நிறைந்த மச்சான் முகமது யாசின் அவர்களுக்கு,

மச்சினிச்சி இஃப்பத் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இவ்விடம் அத்தா நலம். அம்மா, முழங்கால் நீங்கலாக, நலம். நானும் நலம். தாங்கள் சார்ஜாவிலிருந்து அன்போடு வாங்கி அனுப்பிய, தரை கூட்டும் ரோபோ மட்டும்தான் நலமாக இல்லை. தாங்களும் மஹ்ஜபீன் அக்காவும் சுகம் என்பதை, லீவில் வந்திருக்கும் பெரியத்தா மகன் ரஃபி அண்ணன் சொல்லித் தெரிந்துகொண்டோம்.

வாட்ஸப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். வாய்ஸ் நோட் போட்டால் அக்கா அதை ஸ்பீக்கரில் கேட்கும், கேட்ட கையோடு அம்மாவுக்குப் போன் போடும். "மாப்பிள்ளை ஆசையா அனுப்புனது, நொட்டை சொல்லாத"ன்னு அம்மா ஏற்கெனவே உத்தரவு போட்டிருக்கு. அதனால, ஞாயித்துக்கிழமை ஃப்ளைட் ஏறுற ரஃபி அண்ணன் பெட்டிக்குள்ள இந்தக் கடுதாசி ரகசியமா வருது.

மச்சான், இந்த ரோபோ வீட்டுக்கு வர்றதுக்கு நாலு வருஷம் முன்னாடியே நான் ரோபோ ரசிகை. கொரியாக்காரன் போட்ட வீடியோவைக்கூட ஒண்ணும் புரியாம முழுசாப் பாத்தவ. பெட்டியைப் பிரிச்ச அன்னைக்கே சுல்தான்னு பேரு வச்சேன். சுல்தான் ஹாலு, ரூமு, அடுப்படி எல்லாம் சுத்திட்டு அவனோட மாடத்துக்கு, அதான் அந்த பேஸுக்கு, ஒழுங்கா வந்து நின்னுருவான். அங்க "ஊங்"குன்னு ஒரு சத்தம் வந்து, பேஸ் அவன் வயித்துக் குப்பையை உறிஞ்சிக்கணும். வீடியோவுல அந்த எடம் வந்தா எனக்கு விசில் அடிக்கத் தோணும். நம்ம வீட்ல அந்த ஊங் ஒரு தடவைகூட வரல. வந்து நிப்பான், கணீர்னு அரபியில ரெண்டு வாக்கியம் பேசுவான், கம்முன்னு ஆயிருவான்.

அந்த ரெண்டு வாக்கியம் என்னன்னு யாருக்குத் தெரியும்? நமக்கு ஓதத் தெரியும், பேசுனா புரியாதே. வேலை முடிஞ்சா 'சுத்தம் முடிந்தது'ன்னு சொல்றதுதான் ரோபோ வழக்கம், அதைத்தான் சொல்றான்னு நான் அடிச்சுச் சொல்லிட்டேன். அம்மாவுக்கோ அரபி காதுல விழுந்ததும் கை தானா முக்காட்டை இழுத்துவிடும். டிவியை அமத்தச் சொல்லும், சுல்தான் முடிக்கிற வரைக்கும் அசையாது. "பட்டனை அமுக்கி இங்கிலீஷுக்கு மாத்திப் பாக்குறேம்மா"ன்னு கேட்டேன், அம்மா பார்த்த பார்வையில கையை எடுத்துட்டேன். நிலக்கோட்டைப் பூ கொண்டுவந்து குடுக்குற பெருமாயி அக்கா ஒருநாள் இதைக் கேட்டுட்டு, பயபக்தியா சுல்தான் மேல ஒரு முழம் மல்லி வச்சுருச்சு. அதை அவன் ஹால் தாண்டுறதுக்குள்ள தின்னுட்டான்.

நான் சும்மா இருக்கல மச்சான். சார்ஜ் ஏறுற பித்தளை முனையை எல்லாம் அழி ரப்பர் வச்சுத் தேச்சேன். பேஸைக் கவுத்துப் போட்டேன். உறிஞ்சுற குழாய்க்குள்ள ஊக்கை விட்டு இழுத்தா வாழைநாரு, நாலு கிராம்பு, அத்தாவோட சட்டைப் பட்டன் வந்துச்சு. ஜெர்மன்காரர் ஒருத்தர் இணையத்துல பதில் போட்டாரு, அவர் சொன்ன ஒன்பது சோதனையையும் செஞ்சு முடிச்சேன். ஊங் இல்லை. ஆப்ல பாக்கலாம்னா அது உங்க சார்ஜா நம்பர்ல மாட்டிருக்கு. இம்புட்டையும் தரையில உக்காந்து நான் செய்யிறப்ப, அம்மா பக்கத்துல நாற்காலி போட்டுப் பூண்டு உரிச்சுக்கிட்டிருக்கும். பூண்டைப் போட்டு வைக்க, ஒரு பக்கம் கெட்டி அட்டை வச்ச வெள்ளைப் பை ஒண்ணு எங்கிருந்தோ கிடைச்சிருக்கு, அதை அடுப்படி ஆணியில மாட்டி வச்சிருக்கு, காத்தோட்டமா இருக்குன்னு அதுக்கு ஏகப்பட்ட பெருமை.

விஷயத்துக்கு வாரேன். அடுத்த மாசம் காலேஜுக்கு மதுரை ஹாஸ்டல் போறேன். அத்தா விடிஞ்சா தோல் மண்டி, பொழுது அடைஞ்சா வீடு. இப்ப சுல்தான் வயித்துக் குப்பையை நான் குனிஞ்சு எடுத்துக் கொட்டுறேன். நான் போயிட்டா அந்த முழங்காலை வச்சுக்கிட்டு அம்மா தரையில குனிய முடியுமா? குனியக் கூடாதுன்னுதானே நீங்களே அனுப்புனீங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள குடுத்தாத்தான் கடையில மாத்திக் குடுப்பான். அதனால பேஸை ரஃபி அண்ணன்கிட்டக் குடுத்து விடுறேன். பேஸ் செத்துப்போச்சு மச்சான், இதுல எனக்குச் சந்தேகமே இல்ல. வேற வாங்கி அனுப்புங்க.

அல்லாஹ் உங்க ரெண்டு பேருக்கும் நோய்நொடி இல்லாத ஆயுசைத் தரட்டும். அக்காவுக்கு என் முத்தம். இதை அக்காவுக்குப் படிச்சுக் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சினிச்சி
இஃப்பத்

பி.கு.: பேஸ் வரல மச்சான். சனிக்கிழமை அதை எடுக்க வந்த ரஃபி அண்ணன், சுல்தான் பேசுறதைக் கேட்டுட்டு சோபாவுல உருண்டு உருண்டு சிரிச்சுச்சு. "ஏய், 'குப்பைப் பை இல்ல, பையை மாட்டு'ன்னு கத்துது, நீங்க முக்காடு போட்டு உக்காந்திருக்கீங்க"ன்னுச்சு. எல்லாரும் அடுப்படி ஆணியைப் பாத்தோம். கல்யாண வீட்ல தேங்காய்ப் பை குடுக்குற மாதிரி, பெட்டியோட சும்மா குடுத்த பைன்னு அம்மா முதல் நாளே உருவிருச்சாம். பூண்டைக் கொட்டிட்டு மாட்டுனோம். ஊங். வீடே ரசம் வச்ச மாதிரி மணத்துச்சு. நான் விசில் அடிச்சுட்டேன்.

அப்புறம் சுல்தான் வாயே திறக்கல. இன்னைக்குக் காலையில பாத்தா பூண்டு திரும்பவும் பைக்குள்ள, பை திரும்பவும் ஆணியில. குப்பையை யாரு கொட்டுறதுன்னு கேட்டேன். பூக் குடுக்க வர்றப்ப பெருமாயி அக்கா தட்டிவிடுமாம், இருந்து டீ குடிச்சிட்டுப் போகுமாம், பேசி முடிச்சாச்சாம்.

"அது ஓதல, பை கேக்குதும்மா"ன்னேன்.

"தெரியும்டி. கேக்கட்டுமே. நீயும் போயிட்டா, இந்த வீட்ல எங்கிட்ட அது குடு இது குடுன்னு கேக்குறதுக்கு யாரு இருக்கா?"

அதனால வேற பேஸ் வேண்டாம், வேற பையும் அனுப்பிராதீங்க. ரஃபி அண்ணன் பெட்டியில பேஸுக்கு ஒதுக்குன எடத்துல அம்மா உரிச்ச பூண்டு அரைக்கிலோ வருது.