சேவல் கூவும் வரை மன்னிப்பு

"கட்டிலுக்கு அடியில பார்த்தாச்சு. ஃப்ரிட்ஜ் மேல பார்த்தாச்சு. துணி துவைக்கிற மெஷினுக்குள்ளயும் தலையை விட்டுப் பார்த்தாச்சு. அந்தப் பதிவேட்டுக்கு என்ன காலா முளைச்சிருக்கு?"

டீச்சரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றாள். மணி பன்னிரண்டு.

அவள் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் டீச்சர் இல்லை. பெற்ற மூன்று பிள்ளைகளையும் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பவள். எட்டரைக்கு ஜெபம், ஒன்பதுக்குக் கணக்கு, பத்துக்கு வேத வசனம் மனப்பாடம் என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தாள். பாட நேரத்தில் 'டீச்சர்' என்றும் மற்ற நேரத்தில் 'அம்மா' என்றும் கூப்பிட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். எது எந்த நேரம் என்று குழம்பிப்போன பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து 'டீச்சரம்மா' ஆக்கிவிட்டார்கள்.

அரை மணி நேரத்துக்கு முன்னால் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி போன் செய்திருந்தார்.

"மூணு மணிக்கு வீட்டுக்கு வரேம்மா. அந்தப் பதிவேட்டைப் பத்திப் பேசணும்."

"என்ன சார் விஷயம்?"

"போன்ல சொல்ற விஷயம் இல்லம்மா. நேர்ல வந்தே சொல்றேன்."

குரலே சரியில்லை. இழுத்து இழுத்துப் பேசினார். தூக்குத் தண்டனைத் தீர்ப்பைக்கூட இன்னும் கொஞ்சம் தெம்பாக வாசிப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

தினமும் என்ன பாடம் நடந்தது, யார் எவ்வளவு படித்தார்கள் என்று எழுதி வைக்கும் நீல அட்டை நோட்டுதான் அந்தப் பதிவேடு. அட்டையில் கடைக்குட்டி போன வருடம் பெயின்ட்டில் கையைத் தோய்த்துப் பதித்த சிவப்புக் கை ஒன்று இருக்கும். அந்த நோட்டு ஒழுங்காக இருந்தால்தான் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்க அனுமதி. இல்லையென்றால் திங்கட்கிழமையே மூன்று பேரையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட வேண்டியதுதான். அங்கே டீச்சராக இருக்கும் அவள் நாத்தனார், "நான் அப்பவே சொன்னேன் இல்ல?" என்று சொல்வதற்காக ஐந்து வருடமாக வாயைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

நாத்தனார்கூடப் போகட்டும். போன மாதம்தான் கடைக்குட்டி டீச்சரம்மாவின் மடியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி முதல் வார்த்தையைப் படித்தாள். அப்படி ஒரு நாளை இன்னொருத்தியின் வகுப்பறைக்கு விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் இல்லை.

அதிகாரி போன தடவை வந்தது மூன்று மாதத்துக்கு முன்னால். பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவரின் வழுக்கைத் தலையில் கடைக்குட்டி திடீரென்று இரண்டு கையையும் வைத்து, "ஆண்டவரே, இந்த அங்கிளுக்கு முடி முளைக்கட்டும்" என்று சத்தமாக ஜெபம் பண்ண, மனுஷன் மேஜையில் இருந்ததையெல்லாம் வாரிப் பையில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினார்.

அதற்குப் பிறகு டீச்சரம்மா அந்தப் பதிவேட்டைத் தொடவே இல்லை. நாளைக்குச் சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று மூன்று மாதமாக நாளையைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தாள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

"மூணு பேரும் வரிசையா நில்லுங்க!"

பத்து வயசுப் பெரியவள், எட்டு வயசு வக்கீல், ஐந்து வயசுப் பொடிசு. வக்கீல் என்பது எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அப்பா வைத்த பேர். மூன்று பேரும் அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். டீச்சரம்மாவுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. அந்த வீட்டில் இப்படி முகம் வைத்தால் எங்கேயோ எதுவோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

"பதிவேட்டை யாரு எடுத்தது?"

பெரியவள் கூரையைப் பார்த்தாள். வக்கீல் செருப்பைப் பார்த்தான். பொடிசு மூக்கில் விரலை விட்டாள்.

மேஜைமேல் சிவப்புப் பிளாஸ்டிக் சேவல் ஒன்று இருந்தது. சமையலுக்கு நேரம் வைக்கிற சாமான். கழுத்தைத் திருகி வைத்தால் டிக் டிக் என்று ஓடி, நேரம் முடிந்ததும் ஊரைக் கூட்டுவது மாதிரி கூவும். பாடவேளைக்கு மணி அடிப்பதும் அதுதான். டீச்சரம்மா அதன் கழுத்தை ஒரு முழுச் சுற்று திருகினாள்.

"சேவல் கூவுறதுக்குள்ள தப்பை ஒத்துக்கிறவங்களுக்குத் தண்டனை கிடையாது. திட்டுகூடக் கிடையாது. கூவினதுக்கு அப்புறம் மாட்டினா, தோலை உரிச்சிடுவேன்."

"எழுதிக் கொடுப்பீங்களா?" என்றான் வக்கீல்.

"என்னடா?"

"மன்னிப்பு உண்டுன்னு. வாயால சொன்னா அப்புறம் மாத்திப் பேசுவீங்க."

கரும்பலகையில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள். அவசரத்துக்கு வேறு வழி இல்லை.

பெரியவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "டீச்சரம்மா, இந்த வருஷம் நான் பன்னிரண்டு கதைப் புஸ்தகம் படிச்சேன்னு சொன்னேன் இல்ல? அதுல அஞ்சு, கடைசிப் பக்கம் மட்டும்தான்."

"அடிப்பாவி! பதிவேடு எங்கடி?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா தம்பியோட கையெழுத்துப் பயிற்சி எல்லாம் நான்தான் எழுதினேன். அவன் எனக்குப் பதிலா பாத்திரம் தேய்ச்சான்."

டீச்சரம்மா கரும்பலகையைப் பார்த்தாள். தன் கையெழுத்தையே முறைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அடுத்து யாரு?"

வக்கீல் தொண்டையைக் கனைத்தான். "தினம் காலைல நான் உலகத்துல இருக்கிற எல்லாருக்காகவும் ஜெபம் பண்றேன் இல்லையா?"

"ஆமாண்டா கண்ணு." அந்த ஜெபத்தைக் கேட்டுக் கண் கலங்கி, சபையில் நாலு பேரிடம் பெருமை அடித்திருந்தாள் அவள்.

"கணக்கு நேரம் குறையட்டும்னுதான். துருவக் கரடிங்களுக்காக வேண்டிக்கிட்ட அன்னிக்குக் கணக்கே நடக்கல."

"டேய்!"

"திட்டு கிடையாதுன்னு எழுதியிருக்கு. இன்னொண்ணு. ஜெபத்துல எல்லாரும் கண்ணை மூடியிருக்கிறப்போ அக்கா பிஸ்கட் தின்னா."

"நீ கண்ணைத் திறந்து பார்த்தியா அப்போ?"

"அதுவும் ஒரு தப்பு. எழுதிக்கோங்க."

பொடிசு ஓடி வந்து மடியில் ஏறினாள். "அப்பாவோட மூக்குக் கண்ணாடி மீன் தொட்டியில இருக்கு."

"என்னது! நாலு நாளா மனுஷன் தேடிட்டு இருக்காரு!"

"மீனுக்குக் கண்ணு தெரியல டீச்சரம்மா. ரெண்டும் முட்டிக்குது. பாவம்."

பொடிசின் கணக்கில் இன்னும் நிறைய இருந்தது. சோப்பைக் கடித்தது, சுவரில் திமிங்கிலம் வரைந்து அதன்மேல் காலண்டரை மாட்டியது, பக்கத்து வீட்டுப் பூனைக்குத் தலை வாரியது. நேரம் போதாது என்று பயந்து அவளே சேவலின் கழுத்தை மறுபடி மறுபடி திருகிவிட்டுக்கொண்டாள்.

பதிவேடு மட்டும் வரவில்லை.

ஒரு மணிக்கு அப்பா சாப்பிட வந்தார். லிஃப்ட் மெக்கானிக். கண்ணாடி இல்லாமல் நாலு நாளாகச் சுவரைத் தடவித் தடவி வந்துகொண்டிருந்தவர், கருவிப் பெட்டியோடு வாசல்படியிலேயே நின்றார். வக்கீல் ஓடிப்போய்ச் சட்டத்தை விளக்கினான்.

"பெரியவங்களுக்கும் உண்டா?" என்று கேட்டார் அப்பா.

"எல்லாருக்கும் உண்டுப்பா."

அப்பா சேவலைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பெட்டியை மெதுவாகக் கீழே வைத்துத் திறந்து, ஸ்பானர்களுக்கு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார்.

"கோவிச்சுக்காதே. அக்கா கொடுத்தா. வேண்டாம்னு சொல்ல வாய் வரல."

பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கான விண்ணப்பம். மூன்று பிள்ளைகளின் பேரும் நாத்தனாரின் முத்து முத்தான கையெழுத்தில்.

டீச்சரம்மாவுக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. விண்ணப்பம் பெட்டிக்குள், பதிவேடு காணோம், அதிகாரி போன் செய்கிறார். அக்காவும் தம்பியும் கூட்டு!

"பதிவேட்டை ஒளிச்சு வச்சது நீங்கதான்!"

"ஐயையோ! சத்தியமா இல்லம்மா. அது எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது."

"என்னது? அஞ்சு வருஷமா எழுதறேன், எப்படி இருக்கும்னுகூடத் தெரியாதா?"

"இதையும் மன்னிப்புல சேர்த்துக்கலாம்பா" என்றான் வக்கீல்.

கருவிப் பெட்டியைக் கவிழ்த்தாள். அவர் மழைக்கோட்டின் பைகளைத் துழாவினாள். கையெல்லாம் கிரீஸ் ஆனதுதான் மிச்சம். மணி ஒன்றே முக்கால்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அலமாரியில் இன்னொரு நீல அட்டை நோட்டு புதுசாக இருந்தது.

"எல்லாரும் பேனா எடுங்க. கறுப்பு, நீலம், பென்சில், எது இருந்தாலும் கொண்டாங்க."

நோட்டை விரித்துத் தேதி போட்டு எழுத ஆரம்பித்தாள். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் நீலம். வக்கீல் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"டீச்சரம்மா, இது பொய்தானே?"

"பொய் இல்லடா. நடந்ததைத் திரும்ப எழுதறேன்."

"செவ்வாய்க்கிழமை பின்னக் கணக்குன்னு எழுதியிருக்கீங்க. அன்னிக்குத்தான் துருவக் கரடி."

"நீ ஒழுங்கா ஜெபம் பண்ணியிருந்தா பின்னக் கணக்கு நடந்திருக்கும் இல்ல? போய் டீயைக் கொண்டா."

பழசாகத் தெரிவதற்கு நாலு சொட்டு டீ தெளிக்கலாம் என்று பார்த்தாள். உதவிக்கு வந்த பொடிசு கோப்பையையே கவிழ்த்தாள். நோட்டை இஸ்திரி போட்டுக் காய வைத்ததில் ஒரு மூலை கருகியது. அட்டைக்குக் கை வேண்டுமே என்று பொடிசின் கையில் சிவப்புப் பெயின்ட் பூசிப் பதித்தாள். கை நன்றாகவே விழுந்தது. ஆனால் ஒரு வருடத்தில் அந்தக் கை எவ்வளவு வளர்ந்துவிட்டது என்பது பதித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"யாராவது வாயைத் திறந்தீங்க, அவ்வளவுதான்" என்று எச்சரித்தாள்.

"இன்னும் சேவல் கூவலையே" என்றாள் பொடிசு. கடைசியாக எப்போது திருகினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

சரியாக மூன்று மணிக்கு அழைப்பு மணி அடித்தது.

அதிகாரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தோல் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முகத்தில் வியர்வை. டீச்சரம்மாவின் கண் அந்தப் பையைவிட்டு நகரவில்லை. உள்ளே என்ன இருக்கும்? அனுமதி ரத்து என்கிற கடிதமாகத்தான் இருக்கும்.

"அங்கிள், முடி இன்னும் வரலையா?" என்றாள் பொடிசு.

"வரலம்மா." அவர் தலையைத் தடவிக்கொண்டார். "அம்மா, அந்தப் பதிவேடு விஷயம்... எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல..."

"எதுக்கு சார் ஆரம்பிக்கணும்? இதோ பதிவேடு!"

அவர் வாயைத் திறப்பதற்குள் டீச்சரம்மா நோட்டை அவர் முன்னால் வைத்துவிட்டாள். அதிகாரி அதைப் பார்த்தார். வெளிறிப்போனார். தன் பையைப் பார்த்தார். திரும்ப நோட்டைப் பார்த்தார்.

"இது... போன தடவை நான் பார்த்த அதே பதிவேடாம்மா?"

"அதேதான் சார்."

வக்கீல் இருமினான். பெரியவள் கூரையைப் பார்த்தாள்.

அதிகாரி அட்டையை விரலால் தொட்டார். விரல் நுனி சிவப்பானது. "பாப்பா கை கொஞ்சம் சின்னதா இருந்த மாதிரி ஞாபகம். இந்த மாதிரி வேற நோட்டு ஏதாவது...?"

"வேற நோட்டே கிடையாது சார். எங்க வீட்டுல பதிவேடுன்னா இது ஒண்ணுதான்."

அப்பா ஈரக் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே சமையலறைப் பக்கம் நழுவப் பார்த்தார். டீச்சரம்மாவின் ஒரு பார்வை அவரைச் சுவரோடு நிறுத்தியது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா." அதிகாரி பையைத் தடவிக்கொண்டார். "இந்த மூணு மாசத்துல இது வீட்டை விட்டு எங்கேயும் வெளியே போகலையா?"

"இந்த மேஜையை விட்டு அசையல சார்! தினமும் பாடம் முடிஞ்சதும் நானே உக்காந்து எழுதறேன். பிள்ளைங்க எதிர்ல பொய்யா சொல்வேன்?"

"கொக்கரக்கோ... கோ!"

எல்லாரும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார்கள். சேவல் மேஜைமேல் துள்ளித் துள்ளிக் கூவியது.

"நேரம் முடிஞ்சு போச்சு. இனிமே யாருக்கும் மன்னிப்பு இல்ல" என்றாள் பொடிசு.

அதிகாரி பெருமூச்சு விட்டார். மெதுவாகத் தன் பையின் ஜிப்பை இழுத்தார். உள்ளேயிருந்து நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்து மற்றதற்குப் பக்கத்தில் வைத்தார். அதன் அட்டையில் சிவப்பாக ஒரு குட்டிக் கை இருந்தது.

"போன தடவை அவசரத்துல இது என் பையில வந்துடுச்சும்மா, மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுக்கலாம்னுதான் வந்தேன், இப்போ யாரு யாருகிட்ட கேக்கணும்னுதான் எனக்குத் தெரியல."