கடைசி சைபரும் ஞானப்பல்லும்

கத்தி படாமல், ஊசி குத்தாமல், வாய்க்குள் ஒரு விரல்கூட நுழையாமல், ஒரே ஒரு தாளைக் காட்டி ஞானப்பல்லைப் பிடுங்கிய பெருமை உலகத்திலேயே எங்கள் ஊர்ப் பல் மருத்துவமனைக்குத்தான் உண்டு. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அங்கிருந்த தலைமை மருத்துவரே முதலில் நம்பவில்லை.

பல்லுக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர். முப்பத்தாறு வருடம் ஓர் அச்சகத்தில் உட்கார்ந்து, அடுத்தவர் எழுத்தில் கால் விட்டுப்போனதையும் புள்ளி விட்டுப்போனதையும் சிவப்புப் பேனாவால் சுழித்தவர். அலுவலகத்தில் ஒரு காற்புள்ளியைக்கூடக் கூட்டாத அந்த மனிதர், வீட்டுக்கு வந்தால் முப்பத்தாறு வருடக் கட்டுப்பாட்டையும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். தெருமுனையில் பார்த்த பூனை, அவர் படியேறி மூச்சு வாங்குவதற்குள் சிறுத்தையாகியிருக்கும்.

"நீங்களே பாதியாக் குறைச்சுச் சொல்லிடுங்க. அதுல பாதியை நான் நம்பறேன்" என்பது அவர் மனைவியின் நிரந்தரத் தீர்ப்பு.

ஓய்வு பெற்ற அன்று அச்சகம் அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு, மருத்துவக் காப்பீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டது. கடிகாரம் மூன்றாம் நாளே நின்றுவிட்டது. நாற்பது வருடமாகச் சும்மா கிடந்த ஞானப்பல், காப்பீடு போன சேதி தெரிந்ததுபோல, அடுத்த மாதமே வேலையை ஆரம்பித்தது. கன்னம் பன்னாக உப்பியது. பத்து நாளாக எதையும் மெல்ல முடியவில்லை. பேச மட்டும் முடிந்தது.

வீட்டில் கையிருப்பு என்று இருந்தது ஓர் உறை. அதில் ஆறாயிரம். அது மனைவியின் மூக்குக்கண்ணாடிக்கு. இடது கண்ணாடியில் விரிசல் விழுந்து ஆறு மாதம்; அன்றிலிருந்து அவள் உலகத்தை இரண்டு துண்டாகப் பார்த்துவந்தாள்.

"ரெண்டு துண்டுலயும் நீங்கதான் நின்னு பேசிட்டிருக்கீங்க" என்பாள்.

"எவ்வளவு ஆகும்னு கேட்டுட்டு மட்டும் வந்துடலாம். உறையைத் தொடக் கூடாது" என்பது ஒப்பந்தம். எதற்கும் இருக்கட்டும் என்று உறையும் அவள் கைப்பையில் ஏறிக்கொண்டது.

மருத்துவமனையின் தரையில் முகம் பார்த்துத் தலைவாரலாம். சுவரில் ஆளுயரப் பல் ஒன்று கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தது. அந்தப் பல்லுக்கும் முப்பத்திரண்டு பல் இருந்தது. கட்டணப் பிரிவில் கனிவே உருவான ஒரு பெண்.

"காப்பீடு இருக்கா சார்?"

"இல்லம்மா. இருந்தா தொகை குறையுமா?"

"இருந்தா ஏறும் சார். ஆனா உங்களுக்கு வலிக்காது."

"இல்லைன்னா?"

"ஏறாது சார். ஆனா வலிக்கும்."

இப்படி ஒளிவுமறைவில்லாத நிர்வாகத்தை வேறு எங்கே காண முடியும்? மதிப்பீட்டுத் தாள் வந்தது. வாயைத் திறக்க ஒரு கட்டணம். திறந்த வாயைப் பார்க்க ஒன்று. பார்த்ததைப் படமெடுக்க ஒன்று. படத்தில் தெரிவதை நோயாளியிடம் சொல்ல ஒன்று. வாயை மூடுவதற்கு மட்டும் 'சலுகை'. அடியில் மொத்தம்: 45,000.

பிழைதிருத்துநரின் வீங்கிய முகம் மலர்ந்தது. சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். கடைசி சைபர் மேல் ஒரு கோடு, ஓரத்தில் நீக்கற்குறி, அதன் கீழே கையொப்பம்.

"ஒரு சைபர் கூடுதலா விழுந்திருக்கும்மா. வெட்கப்படாதே, எல்லா அச்சகத்துலயும் நடக்கறதுதான்."

"சார், அது பிழை இல்ல."

"எது, சைபரா?"

"எல்லா சைபரும் சரியாத்தான் சார் இருக்கு. ரெண்டு பேர் சரிபார்த்திருக்கோம்."

அவர் வாய் பிளந்தது. கட்டணமில்லாமல் அந்த மருத்துவமனையில் திறந்த முதல் வாய் அதுதான். திறந்த வாயிலிருந்து ஏதோ துள்ளிக் குதித்து, டக்கென்று தாளில் விழுந்து உருண்டு, மொத்தத் தொகைக்குப் பக்கத்தில் இன்னொரு சைபர்போல உட்கார்ந்தது. ஞானப்பல். வேரோடு.

தலைமை மருத்துவர் ஓடிவந்தார்.

"வாய்ப்பே இல்ல. தொகையைக் கேட்டு ஆள் விழுந்து பார்த்திருக்கேன். பல் விழாது. முன்னாடியே ஆடிட்டிருந்திருக்கும், தானா விழுந்திருக்கு."

"தானாவா!" பிழைதிருத்துநர் கொதித்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, கூட்டாமல் குறைக்காமல் ஓர் உண்மை அவர் வாயில் நடந்திருக்கிறது, விட முடியுமா? "சைபர் சரின்னு இந்தப் பொண்ணு சொல்லுச்சு, பல் விழுந்துச்சு! நீ சொல்லேன், பார்த்துட்டுத்தானே இருந்தே?"

மனைவி கைப்பையை இறுக்கிக்கொண்டாள். "தானாத்தான் விழுந்துச்சு டாக்டர். இவர் எப்பவுமே இப்படித்தான், கூட்டிச் சொல்லுவார்."

"அடிப்பாவி! கண்ணால பார்த்தியே!"

"எனக்குக் கண்ணாடி உடைஞ்சு ஆறு மாசமாச்சு. நான் என்னத்தைக் கண்டேன்?"

கட்டணப் பிரிவுப் பெண் மருத்துவரின் காதோரம் குனிந்தாள். "டாக்டர், தானா விழுந்திருந்தா பில் போட முடியாது."

மருத்துவர் பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விஞ்ஞானம் அவர் நெற்றியில் மூன்று சுருக்கமாக ஓடி, திரும்பி, வேறு வழியாகப் போனது.

"சார் சொல்றதுல உண்மை இருக்கு" என்றார்.

தன்னை ஒருவர் நம்பிவிட்ட பூரிப்பில் பிழைதிருத்துநருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கையில எவ்வளவு வெச்சிருக்கீங்க சார்?" என்று கனிவாகக் கேட்டாள் கட்டணப் பிரிவுப் பெண்.

"ஆறாயிரம்!" என்றார், மனைவி அவர் காலை மிதிப்பதற்கு ஒரு நொடி முன்னால்.

என்ன பொருத்தம் பாருங்கள், கணினியும் மிகச் சரியாக அதே ஆறாயிரத்தைத்தான் காட்டியது.

உறை போய் ரசீது வந்தது. மனைவி அதை மூக்கருகே கொண்டுபோய், தள்ளிப்பிடித்து, சாய்த்துப் பார்த்துவிட்டுக் கணவரிடம் நீட்டினாள். "எனக்கு ரெண்டு துண்டாத் தெரியுது. நீங்களே படிங்க."

அவர் சிவப்புப் பேனாவைத் திறந்து, முதல் எழுத்திலிருந்து மருத்துவரின் கையொப்பம் வரை ஒரு தப்பாவது கிடைக்காதா என்று தேடினார். பிறகு பேனாவை மூடிவிட்டுப் படித்தார்:

"மேற்படியாரின் பல், தொகையைச் சொன்னதால் மட்டுமே விழுந்தது என்று உறுதியாகச் சான்றளிக்கிறேன். பயன்படுத்திய கருவி: தொகை. மயக்க மருந்து: அதுவே."