முசுறும் தேனீயும் ஒரே வகுப்பில்

கரும்பலகையில் இரண்டு நிரல் போட்டு 'தேனீ', 'முசுறு எறும்பு' என்று எழுதிவிட்டுத் திரும்புவதற்குள், மேசைமேல் கிடந்த ரம்புட்டான் கிளைக் கூட்டிலிருந்து முசுறுகள் மேசையோரமாய் வரிசைகட்டித் தேன்பெட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

நூருன்னிஸா டீச்சர் அசரவில்லை. உக்குவளைப் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். அவருடைய பதவி உயர்வுக்காக இன்று கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் பாடம் பார்க்க வருகிறார். படம் காட்டிப் படிப்பிக்க யாராலும் முடியும் என்று, கூட்டையும் பெட்டியையும் தோட்டத்திலிருந்து உயிரோடு கொண்டுவந்திருந்தார்.

"நிஹ்லா, பெட்டியத் தூக்கி ஜன்னல்ல வைங்க."

முன்வரிசை மாணவி தூக்கி வைத்தாள். திரைச்சீலைக் கயிறு வழியாக முசுறுகள் அங்கேயும் போயின. டீச்சர் கயிற்றை அறுத்தார். திரை பெட்டிமேல் விழுந்து மூடி சரிய, தேனீக்கள் வெளியே வந்தன.

"புகைக்கு அடங்கும்," என்று சிரட்டையில் தேங்காய்நார்த் தும்பைக் கொளுத்தினார். தேனீக்கள் அடங்கவில்லை. முசுறுகள்தான் கூட்டைவிட்டுப் பொலபொலவென்று உதிர்ந்தன.

அந்த நேரம் பார்த்து, கையில் கோப்போடு ஒருவர் வாசலில் நின்றார்.

"டீச்சர், நான் வந்தது..."

"தெரியும் சேர். பின்னால இருங்க."

"இல்ல, இதுக்கு நான் ஏதாச்சும்..."

"நீங்க ஒண்டும் செய்ய வேணாம். பாத்தாப் போதும்."

இருந்தார். கதிரையில் முசுறு. துள்ளி எழும்பினார். எழும்பிய இடத்தில் தேனீ.

டீச்சர் வெண்கட்டியை எடுத்தார்.

"புள்ளைகள், கவனிங்க. தேனீட கொடுக்கு சேர்ட கன்னத்துலயே நிண்டுரும், தேனீ செத்துரும். முசுறு அப்படியில்ல. கடிச்ச எடத்துல அமிலத்தப் பீச்சிட்டு, திரும்பவும் கடிக்கும். சேர், எது கூட எரியுது?"

"முசுறு," என்றார் அவர், காற்சட்டையை உதறியபடி.

"எது கூட வீங்குது?"

"தேனீ."

இரண்டையும் எழுதினார். இலையைப் பட்டுநூலால் தைக்கும் முசுறு ஒரு பக்கம், மெழுகால் அறை கட்டும் தேனீ மறு பக்கம். பிள்ளைகள் கதிரையில் கால்களை மடக்கி உட்கார்ந்து எழுதினார்கள். ஒருவரும் கொட்டாவி விடவில்லை. பதவி உயர்வு கைக்கே வந்துவிட்டதுபோல் இருந்தது டீச்சருக்கு.

சிற்றூழியர் நோனா வாசலில் எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர், பாடம் பாக்க வாறவரு நாளைக்குத்தான் வாறாராம், ஃபோன்ல கோல் எடுத்துச் சொன்னாங்க. நூலகத்துக்குப் பூச்சி மருந்தடிக்க வந்தவர எங்கயாச்சும் கண்டீங்களா?"