சீசர் அவர்களின் உணவுத் திட்டம்

மனித குலத்தின் போஷாக்கு வரலாற்றில் ஒரு பொற்காலம் உண்டென்றால், அது தொண்ணூற்றாறாம் ஆண்டு, சூலூர் ரோட்டிலுள்ள எங்கள் நூல் மில்லில்தான் உதயமானது. பயனடைந்தது ஒரு எலி.

எலி என்று சொல்லக் கூடாது, ஹாம்ஸ்டர். முதலாளி சுந்தரராஜுலுவின் மகன் வம்சி, பெங்களூரிலிருந்து கூண்டோடு வாங்கிவந்தது. பெயர் சீசர். கொடுப்பதையெல்லாம் இரண்டு கன்னங்களிலும் திணித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாததுபோல் நம்மைப் பார்க்கும். மன்னிக்கவும், பார்ப்பார்.

மில்லின் தொழிலாளர் நல அதிகாரி நான். கூண்டு மில்லில் முதலாளியின் அறைக்கு வந்துசேர்ந்ததும், சீசர் அவர்களின் நலனும் என்னிடமே ஒப்படைக்கப்பட்டது. தினம் ஒரே தீனி ஆகாது என்று வம்சியின் புத்தகம் சொன்னது. கூட்டம் கூடி முடிவெடுத்தோம்: காலையில் முளைகட்டிய பாசிப்பயறு, மதியம் கேரட், வெள்ளரி, மாலையில் கம்பும் பூசணி விதையும். 'ஊக்க உணவாக' ஒரு துண்டு முந்திரி. வெங்காயம், பூண்டு அறவே கூடாது.

மில் கேண்டீனில் நான் வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் அதே தண்ணீர்ச் சாம்பார். ஒரு பொரியலாவது போடச் சொல்லித் தொழிலாளர்கள் கொடுத்த மனு 'பரிசீலனையில்' இருக்கிறது. ருசியில் இத்தனை உறுதியான நிர்வாகம் வேறெங்கு உண்டு?

அப்போதுதான் அந்தப் பேரிடி. கிண்ணம் தவறாமல் காலியாகிறது. சீசரோ இளைத்துக்கொண்டே போகிறார்! தீனி வைக்கும் கருப்பாத்தாளை வேலையைவிட்டு நீக்கும் உத்தரவோடு அவசரக் கூட்டம் கூடியது. தலைமை, முதலாளி. மேஜைமேல் கூண்டு. முதலாளிக்கு முன்னால், 'சான்றுப் பொருளாக', நிரம்பிய கிண்ணம்.

"ஏனம்மணி, வெச்சதெல்லாம் எங்க போவுது?" என்றேன்.

"அதத்தானுங்க நானும் கேக்கறேன். சாயங்காலம் வெச்சுப்போட்டு ஊட்டுக்குப் போறனுங்க. காலைல வந்தா இவரு பசியில கம்பியக் கடிச்சுட்டு நிக்கறாருங்க."

"நீதான் தின்னிருப்பே," என்றார் முதலாளியின் மனைவி வரலட்சுமி.

"ஏனுங்கம்மா, இந்தப் பொக்கவாய்க்குப் பூசணி வெதை ஆவுமுங்களா? தை மாசம் புள்ளைக்குக் கண்ணாலமுங்க. இப்பப் போயி எம்பட பொழப்பக் கெடுத்துப்போடாதீங்க."

வரலட்சுமி மசியவில்லை. "எங்க வீட்டுக்காரரைப் பாரு. கொழுப்புன்னு டாக்டர் சொன்னதிலிருந்து மூணு வேளையும் கோதுமைக் கஞ்சிதான். ஒரு முந்திரியைத் தொடுவாரா? அதான் கட்டுப்பாடு!"

"அப்படியும் அப்பாவுக்கு எடையே குறையலியேம்மா," என்றான் வம்சி.

"அது ஒடம்பு வாகு."

நாங்கள் எல்லோரும் முதலாளியின் மன உறுதியைக் கைதட்டிப் பாராட்டினோம். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜன்னல் திரைகள் மூடியிருந்ததால் கும்மிருட்டு. ஜெனரேட்டர் உறுமி, விளக்கு எரிந்தபோது கிண்ணம் காலி. சீசர் கூண்டுக்குள் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

வழக்கப்படி உத்தரவைத் தலைவர்தான் வாசிக்க வேண்டும். பணிவோடு நீட்டினேன்.

"படிங்க சார்."

முதலாளி தலையை மட்டும் ஆட்டினார்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றார் வரலட்சுமி.

முதலாளி ஒன்றும் தெரியாததுபோல் எங்களைப் பார்த்தார்.

"மொதலாளிக்குத் தண்ணி கொண்டாரட்டுங்களா?" என்று கேட்டாள் கருப்பாத்தாள்.

உத்தரவு வாசிக்கப்படவில்லை. முதலாளியின் இரண்டு கன்னங்களும் உப்பியிருந்தன. உதட்டோரம் ஒரு பூசணி விதை ஒட்டியிருந்தது.