ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தது வேடிக்கை பார்க்கத்தான்

மதிப்பிற்குரிய சம்பந்தி ஆதிகேசவன் அவர்கள் சமூகத்துக்கு, திருத்தணியிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் பரசுராமன் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது.

இங்கு நானும் தேவகியும் நலம். பொதட்டூர்பேட்டையில் நீங்களும் சம்பந்தியம்மா சுலோச்சனாவும் மாப்பிள்ளை எழிலனும் வயிற்றுப்பிள்ளையோடு இருக்கும் எங்கள் கயல்விழியும் முருகன் புண்ணியத்தில் நலமாக இருப்பீர்கள். கடிதத்தில் இந்த வரியை யாரும் படிப்பதில்லை, நேரே விஷயத்துக்குப் போய்விடுவார்கள். நீங்கள் தயவுசெய்து ‘நானும் நலம்’ என்ற இடத்தை மட்டும் திரும்ப ஒரு தடவை படித்துவிட்டு வரவேண்டும். விஷயமே அதுதான்.

நேற்று என்னை உங்கள் மொபெட்டில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, இன்ஜினைக்கூட அணைக்காமல், “இப்பிடிக் கீற வூட்டுக்கு எப்பிடிங்க சம்மந்தி பொண்ண அனுப்பறது, யோசிக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மார்கழியில் கூடாதென்று தள்ளிப்போட்ட வளைகாப்பு தை பிறந்ததும் நடக்கப்போகிறது. வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சாதம் கட்டி, பெண்ணைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவருவதற்காக இங்கே வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். இந்த நேரத்தில் நீங்கள் யோசிக்க ஆரம்பித்தால் நாங்கள் என்ன ஆவது? போனில் சொல்லலாம்தான். ஆனால் போனை எடுத்தால் என் குரல் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி உயர்ந்துவிடும், நீங்களும் தறிச் சத்தத்தில் “ஆங், ஆங்” என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். தீபாவளிக்கு, பிரசவம் உங்கள் வீட்டிலா எங்கள் வீட்டிலா என்று அப்படிப் பேசித்தான் நமக்குள் பேச்சே நின்றுபோனது. அதனால் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். வெள்ளையடிக்க வந்த ஆட்களிடம் நான் “இப்டி வா, அப்டி போ, முன்னாடி எடம் கீது பாரு” என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். தேவகிக்குப் பொறுக்கவில்லை. “எங்கனா போய்ட்டு பொழுது சாய வாங்க, நீங்க இருந்தா செவுரு காயாது” என்று புளிசாதத்தைக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டாள். எனக்கும் வெகுநாளாக ஓர் ஆசை இருந்தது. காலமெல்லாம் நான் “ஏரிக்கரை எறங்கு, நடுகல் எறங்கு” என்று கத்தி ஆட்களை இறக்கிவிட்டிருக்கிறேன், நான் ஒருநாளும் இறங்கியதில்லை. ஏரி எப்படி இருக்கும், நடுகல்லில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பிள்ளை பிறந்துவிட்டால் அப்புறம் அசைய முடியாது. ஒரே ஒரு நாள், யாரும் இல்லாமல், டிக்கெட் கேட்காமல், தனியாக நடந்து அதையெல்லாம் பார்த்துவிடலாம் என்று குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு பனியோடு பனியாகக் கிளம்பினேன். இதில் என்ன பைத்தியக்காரத்தனம் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் நம் பக்கத்தில் ஒரு மனுஷன் தனியாக நடக்க முடியாது சம்பந்தி. கே.ஜி.கண்டிகை டீக்கடை தாண்டுவதற்குள் என் பழைய பிரயாணி, ஆட்டோ வெங்கடேசன், பக்கத்தில் வந்து நின்று “கண்டக்டர் சார், ஒண்டியா எங்க போய்கினு கீறீங்க, ஏறுங்க” என்றான். நடக்கப் போகிறேன் என்றேன். “நடந்து எங்க?” என்றான். சும்மா நடக்கிறேன் என்றேன். சும்மா யாராவது நடப்பார்களா என்று அவன் நம்பவில்லை. வீட்டில் சண்டை என்று முடிவுகட்டி, ஆட்டோவை மாட்டுவண்டி வேகத்தில் என் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு, பெண்டாட்டியிடம் எப்படிப் பொறுத்துப்போவது என்று பாடம் எடுத்துக்கொண்டே வந்தான். உள்ளே இருந்த சவாரிகளும் ஆளுக்கொன்று சொன்னார்கள். தொல்லை தாங்காமல் “வேண்டுதல்ப்பா, நடந்து வரேன்னு வேண்டிகினேன்” என்று ஒரு பொய் சொன்னேன். உடனே ஆட்டோவில் இருந்த ஓர் அம்மா கீழே இறங்கி, என் காலைத் தொட்டுக் கும்பிட்டு, தேங்காயும் கற்பூரமும் கையில் திணித்து, தன் மகனுக்கு வேலை கிடைக்க நடந்துபோகிற என் கையாலேயே முருகனுக்கு உடைக்கச் சொன்னாள். வெங்கடேசன் மட்டும் யோசித்துப் பார்த்து, “சார், வேண்டுதல் சரி. முருகன் மல நீங்க வந்த பக்கம் கீது” என்றான். அவனுக்குச் சந்தேகம் விழுந்தது அங்கேதான். நான் சோளிங்கர் மலைக்கு என்று சமாளித்துவிட்டு வரப்பில் இறங்கி ஓட்டமும் நடையுமாகத் தப்பித்தேன். அந்தத் தேங்காயைத்தான் இன்று காலை நம் மலையில் உடைத்துவிட்டு வந்தேன். சொன்ன வாக்கு சொன்ன வாக்குதான்.

அப்புறம் கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது. நடுகல்லைப் பார்த்தேன். வில்லும் கையுமாக ஒரு வீரன், பக்கத்தில் எழுத்து. எந்தக் காலத்து எழுத்தோ, ஓர் அட்சரம் புரியவில்லை. யாரோ மாட்டுக்காகச் செத்தவன் என்று ஊரில் சொல்லக் கேட்டிருக்கிறேன். இத்தனை வருஷம் இவன் பெயரைச் சொல்லித்தானே பஸ்ஸை நிறுத்தினோம் என்று நினைத்து ஒரு கும்பிடு போட்டேன். அங்கிருந்து ஏரியை ஒட்டின பாறைக்குன்று மேல் ஏறினேன். முழங்கால் கொஞ்சம் பேசியது, நான் பதில் சொல்லவில்லை. மேலே போய்ப் பார்த்தால் சம்பந்தி, ஏரி நிறையத் தண்ணீர், பனி விலகிக்கொண்டிருக்கிறது, இந்தப் பக்கம் நம் முருகன் மலை, அந்தப் பக்கம் ஆந்திராக்காரன் மலை, நடுவில் நாரைகள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நம் வீட்டுக்கு வரப்போகிற பிள்ளையை ஒருநாள் தோளில் வைத்துக்கொண்டு வந்து இதைக் காட்டவேண்டும் என்று தோன்றியது. அந்தச் சந்தோஷத்தில் சட்டைப்பையில் இருந்த விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினேன். எதிர்ப்பாறையும் திருப்பி ஊதியது. நானும் விடாமல் ஊதினேன். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தது எனக்கு எப்படித் தெரியும்?

பிறகு கீழே இறங்கி ஏரி மதகுக்கு வந்தேன். கரையில் கன்னிமார் கற்கள் ஏழும் மஞ்சள் பூசி இருந்தன. சாமி இருக்கிற இடம் என்று செருப்பைக் கழற்றினேன். முகம் கழுவலாம் என்று கைக்கடிகாரத்தைக் கழற்றினேன். போன் தண்ணீரில் விழுந்துவிடக் கூடாதென்று அதையும் எடுத்து, வெயில் ஏறிவிட்டதால் ஸ்வெட்டரையும் மடித்து, எல்லாவற்றையும் செருப்புக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். கலெக்‌ஷன் பையை ஒப்படைத்த கைக்கு எதையும் சிதறப் போட வராது. அப்புறம் மதகுக் கட்டையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்த்தேன். ஒரு பெருமூச்சும் விட்டேன் என்று பிறகு சொன்னார்கள். அது புளிசாதம் தின்ற மூச்சு.

திடீரென்று பின்னாலிருந்து யாரோ என் சட்டைக் காலரையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்து இழுத்தார்கள். மல்லாந்து விழுந்து பார்த்தால் யோகலட்சுமி என்று ஒரு பெண், களைக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, “இன்னா நைனா, இன்னா கொற உனக்கு, புள்ளைங்க சோறு போடலியா?” என்று அழுகிறாள். சுற்றிலும் அரை ஊர் நிற்கிறது. ஏரியை வேடிக்கை பார்க்க வந்தேன் என்றேன். “ஏரில இன்னா வேடிக்க கீது, தண்ணி தான கீது” என்றாள். நான் அந்தத் தண்ணீரையே கையால் காட்டினேன். அதுவே சாட்சியாகப் போயிற்று. ஒருவன் செருப்பையும் கடிகாரத்தையும் காட்டி, “பாரு, எவ்ளோ முடிவா எடுத்து வெச்சிகிறாரு” என்றான். இன்னொருவர் தன் நிலம் போனது, மாடு செத்தது எல்லாம் சொல்லி, “நானே உசுரோட கீறேன், உனக்கென்ன” என்று தேற்றினார். கேட்கக் கேட்க எனக்கே அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்து யோகலட்சுமி “அழு நைனா, அழுதா தீந்துடும்” என்று கூழ் கரைத்துக் கொடுத்தாள். கூழ் நன்றாக இருந்தது, மறுக்க முடியவில்லை.

அந்தக் களேபரத்தில்தான் என் போனைப் பிடுங்கி, கடைசியாகப் பேசின வரிசையில் மேலே எந்த நம்பர் இருந்ததோ அதை அழுத்திவிட்டார்கள். அது உங்கள் நம்பராகப் போனது என் கெட்ட நேரம். தறி வேலையில் இருந்த உங்களை வீணாக அலையவிட்டதற்கு வருந்துகிறேன். மற்றபடி என் புத்தி தெளிவாக இருக்கிறது, வீட்டில் சண்டை இல்லை, சுவர் காய்ந்துகொண்டிருக்கிறது, தேவகி பிள்ளைத்தாய்ச்சிக்கு வேண்டியதெல்லாம் வாங்கி வைத்துவிட்டாள். ஆகவே வளைகாப்பு முடிந்ததும் முறைப்படி கயல்விழியை எங்களோடு அனுப்பி வைக்கவேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நேற்று வந்த வழக்கமில்லை. இதில் நான் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கப் போவதில்லை என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசீர்வாதம். இந்தக் கடிதத்தைக் கயல்விழி கண்ணில் படாமல் வைக்கவும், சிரித்தால் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். தணிகை முருகன் எல்லோரையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி
பரசுராமன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் தேவகியிடம் படித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு அவள், “தீபாவளிலேர்ந்து அவுருகூட நீங்க போன்லயே பேசல, அவுரு நம்பர் எப்பிடி மேல வந்துச்சு?” என்றாள். கண்டக்டர் பெண்டாட்டி அல்லவா, கணக்கு விடமாட்டாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போனை யாரும் பிடுங்கவில்லை. யோகலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு, “உனக்கு ஒண்ணுன்னா ஓடியாற மனுசன் ஒருத்தர் பேரு சொல்லு நைனா” என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. உங்கள் பெயரைச் சொல்லி, நம்பரையும் நானே போட்டுக் கொடுத்தேன். நீங்களும் தலையெல்லாம் நூல் தும்போடு, காலுக்கொரு செருப்பாகப் போட்டுக்கொண்டு, அந்தக் கரையில் வந்து நின்றீர்கள். அப்படிப்பட்டவர் வீட்டில் என் மகளுக்கு என்ன குறை வந்துவிடும்? தாய்வீடு, முறை, அங்குலம் என்று மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். பிரசவம் அங்கேயே நடக்கட்டும். தேவகியும் சரி என்றுதான் சொல்கிறாள், பெட்டிகூடக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு மட்டும் தறிக்கொட்டகையில் ஒரு கட்டில் போட்டு வையுங்கள். ரிட்டயர் ஆன நாளிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை, அந்தச் சத்தத்தில் ஓடுகிற பஸ்ஸில் இருப்பதாக நினைத்துத் தூங்கிவிடுவேன்.