வெள்ளை ரம்முக்கு மாற்றுப் பொருள்

சித்திரை பிறந்த மூன்றாம் நாள், பென்னாகரத்தில் இயங்கிவந்த கோடை நலவாழ்வுப் பிரிவின் உதவி அலுவலர் பச்சியப்பனுக்கு மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பொதுமக்கள் வெயிலில் வாடுவதைக் கனிவுடன் பரிசீலித்த மேலிடம், 'வீட்டிலேயே செய்யத்தக்க புத்துணர்வூட்டும் கோடைக்கால காக்டெயில்கள்' என்னும் பொருளில் மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி அளித்து, மாத முடிவுக்குள் புகைப்படங்களுடன் அறிக்கை அனுப்பப் பணித்திருந்தது.

பச்சியப்பன் இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் எந்த உத்தரவையும் ஏன் என்று கேட்டவரல்ல. கொசு ஒழிப்பு வாரத்தில் கொசுக்களை ஆண், பெண் என்று பிரித்துக் கணக்கெடுக்கச் சொன்னார்கள், எடுத்துக் கொடுத்தார். ஆனால் இந்தச் சுற்றறிக்கையின் இணைப்பைப் படித்ததும் அவருக்கே வியர்த்தது. ஐஸ் ஒரு கப், புதினா பத்து இலை, எலுமிச்சை அரை மூடி, வெள்ளை ரம் அறுபது மில்லி என்று ஆரம்பித்து, பத்துக் காக்டெயில்களிலும் ரம் தவறாமல் இருந்தது.

தலைமையகத்தில் இந்தத் திட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்த தேவிப்பிரியா மேடத்துக்குப் போன் போட்டார்.

"மேடம், அந்த லிஸ்ட்ல ரம்முனு போட்டிருக்குதுங்க."

"ஆமா, ஆலோசகர் நெட்டில இருந்து எடுத்துக் கொடுத்தாரு. இப்ப எல்லா ஊர்லயும் இதுதான் டிரெண்டு. என்ன பிரச்சனை?"

"அது சரக்குங்க மேடம். பொம்பளைங்களுக்குப் போயி..."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு தேவிப்பிரியா நிதானமாகச் சொன்னார்: "கையெழுத்தாகி நம்பர் விழுந்துடுச்சு சார். இனிமே எடுக்க முடியாது. உள்ளூர்ல கிடைக்காத பொருளுக்கு மாற்றுப் பொருள் பயன்படுத்தலாம்னு பாரா நாலுல இருக்கு. குழு போட்டு முடிவு பண்ணுங்க."

உடனே குழு அமைக்கப்பட்டது. தலைவர் பச்சியப்பன். செயலர், தட்டச்சர் தமிழ்ச்செல்வன். பொருளைப் பற்றி அனுபவ அறிவு உள்ளவர் என்ற அடிப்படையில் ஜீப் டிரைவர் முனிராஜ் நிபுணர் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டார்.

"வெள்ளை ரம் எப்படிப்பா இருக்கும்?" என்று தலைவர் வினவினார்.

"பாக்கறதுக்குத் தண்ணியாட்டமே இருக்குமுங்க சார்."

"அப்ப தண்ணியே ஊத்திக்கலாமா?"

"ஊத்திக்கலாமுங்க. நம்ம பக்கம் ரெண்டுக்கும் ஒரே பேருதானே."

நிறத்திலும் பெயரிலும் மிக நெருங்கிய பொருள் என்ற காரணத்தால், குடிநீரை வெள்ளை ரம்முக்கான மாற்றுப் பொருளாக ஏற்பது என ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

பயிற்சிக்குக் கல்லாங்குத்து என்ற ஊர் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கிருந்து ஜீப்பில் அரை மணி நேரம் போனால் காவிரி கொட்டுகிறது. வெளியூர்க்காரர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்கிறார்கள். கல்லாங்குத்தில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்து, குழாயில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது.

மகளிர் குழுத் தலைவி குள்ளம்மாள், பச்சியப்பன் சொன்னதை எல்லாம் காலிக் குடத்தை இடுப்பில் வைத்தபடியே கேட்டாள்.

"காக்டெயிலு கெடக்கட்டுங்க சார். தண்ணி வந்து முப்பத்தெட்டு நாளாச்சு. காட்டுக்குள்ள ரெண்டு மைல் நடந்து ஊத்துத் தண்ணி மொண்டாறோம். அதுக்கு ஒரு வழி பண்ணுங்க."

"குடிதண்ணி எங்க பிரிவுல வராதும்மா. அதுக்கு வேற ஆபீசு."

"அங்க கேட்டா மோட்டாருக்கு வேற ஆபீசுங்கறாங்க. மோட்டாரு ஆபீசுல கேட்டா கரண்டு ஆபீசைக் கேளுங்கறாங்க." குள்ளம்மாள் அவர் கையிலிருந்த பட்டியலை எட்டிப் பார்த்தாள். எட்டாவது வரை படித்தவள். "இதுல தண்ணின்னு போட்டிருக்குதே?"

"அது தண்ணி இல்லம்மா. ரம்முக்கு மாற்றுப் பொருள்."

"அது உங்க பிரிவுல வருமுங்களா?"

பச்சியப்பன் யோசித்தார். "வரும்."

"ஒருத்திக்கு எத்தனை?"

"கிளாசுக்கு அறுபது மில்லி."

"எத்தனை கிளாசு போட்டுப் பழகணும்னு போட்டிருக்குதுங்களா?"

சுற்றறிக்கையைப் புரட்டினார். 'பயிற்சி முழுமையாகக் கைவரும் வரை' என்று இருந்தது. படித்துக் காட்டினார்.

"எங்க பொம்பளைங்களுக்கு எதுவும் சட்டுனு கைவராதுங்க சார்" என்றாள் குள்ளம்மாள்.

அன்று மாலை பச்சியப்பன் தன் வாழ்நாளில் முதல் முறையாக, நிறைவேற வேண்டும் என்று விரும்பி ஒரு கோரிக்கை எழுதினார். 'வெள்ளை ரம் (மாற்று) – பன்னிரண்டாயிரம் லிட்டர் – மிக அவசரம்.' குடிநீர் என்று எழுதியிருந்தால் ஐந்து ஆபீசுகளைச் சுற்றியிருக்கும். காக்டெயில் முன்னுரிமைத் திட்டம் என்பதால் மூன்றாம் நாளே டேங்கர் லாரி ஊருக்குள் வந்து நின்றது.

ஐம்பத்திரண்டு பெண்களும் குடங்களோடு பயிற்சிக்கு வந்திருந்தார்கள். விதிப்படி கண்ணாடி டம்ளரில் புகைப்படம் எடுக்க வேண்டும். ஆபீசில் ஒரு டம்ளர்தான் இருந்தது. ஆகவே அந்த ஒன்றையே கைமாற்றி, ஓரத்தில் ஒரே எலுமிச்சைத் துண்டைச் செருகி, ஒவ்வொருவராகச் சிரிக்கச் சொல்லி எடுத்தார்கள். பிறகு டேங்கரின் குழாயைத் திறந்துவிட்டார்கள். சின்னம்மாள் என்பவள் குடத்திலிருந்து அப்படியே அண்ணாந்து குடித்துவிட்டு, முகத்தில் வாரி அடித்துக்கொண்டாள். பச்சியப்பன் அன்றைய பதிவேட்டில், 'பங்கேற்பாளர்களுக்குக் காக்டெயில் இன்னும் கைவரவில்லை. மறுபயிற்சி தேவை' என்று பரிந்துரைத்துக் கையெழுத்திட்டார்.

மறுவாரமும் கைவரவில்லை. அதற்கடுத்த இரண்டு வாரங்களிலும் அப்படித்தான். சேதி பரவி, பக்கத்து ஊர்களிலிருந்து மனுக்கள் குவிந்தன. 'எங்கள் ஊர்ப் பெண்களும் பிள்ளைகளும் காக்டெயில் இன்றிச் சொல்லொணாத் துயரத்தில் உள்ளனர். கால்நடைகளுக்கும் சேர்த்து ஆவன செய்ய வேண்டுகிறோம்' என்று ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். திட்டத்தின் அமோக வெற்றியைப் பாராட்டித் தலைமையகம் பச்சியப்பனுக்கு நற்சான்றிதழ் அனுப்பியது.

அதோடு நின்றிருந்தால் நல்லது. வெற்றியைப் புள்ளிவிவரமாக்கி எல்லாத் துறைகளுக்கும் அனுப்பினார்கள். தட்டச்சில் '(மாற்று)' என்ற அந்த அடைப்புக்குறி மட்டும் விட்டுப்போயிருந்தது. கல்லாங்குத்துப் பெண்கள் ஒரே மாதத்தில் தலைக்குத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்று லிட்டர் வெள்ளை ரம் அருந்தியிருப்பதாக அதைப் படித்த இன்னொரு துறை அதிர்ச்சியடைந்தது. காக்டெயில் பயிற்சி உடனே நிறுத்தப்பட்டது. டேங்கர் பாதி வழியில் திரும்பிப் போனது.

பச்சியப்பன் விளக்கம் எழுதினார். அது தண்ணீர்தான் என்று ஒப்புக்கொண்டால், வேறு ஆபீசின் அதிகாரத்தில் தலையிட்ட குற்றம் வரும் என்று தேவிப்பிரியா போனில் எச்சரித்தார். பச்சியப்பன் விளக்கத்தைக் கிழித்துப்போட்டார்.

பத்தாம் நாள் கல்லாங்குத்துப் பள்ளிக்கூடத்தில் குடிநோய் மீட்பு முகாம் தொடங்கியது. முகாமின் மனநல ஆலோசகர் ஃபிராங்க்ளின் இளகிய மனசுக்காரர். குள்ளம்மாளை எதிரில் உட்காரவைத்து மெதுவாகக் கேட்டார்.

"எத்தனை வருஷமா குடிக்கறீங்கம்மா?"

"பொறந்ததுல இருந்துங்க."

"ஒரு நாள் குடிக்கலைன்னா?"

"நாக்கு வறண்டுக்கும். தலை கிர்ருனு சுத்தும். கையெல்லாம் நடுங்குமுங்க."

"வூட்ல யாரெல்லாம் குடிக்கறாங்க?"

"எல்லாருந்தான். மூணு மாசக் கைப்புள்ளைக்குக்கூட வெயிலுக்கு ரெண்டு சொட்டு விடுவோம்."

ஃபிராங்க்ளின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, 'மிக முற்றிய நிலை' என்று எழுதினார்.

"பயப்படாதீங்கம்மா, குணமாக்கிடலாம். மொதல்ல உடம்புல ஏறின விஷம் எறங்கணும். தெனமும் நிறையத் தண்ணி குடிக்கணும். முகாமுக்கு லாரியில வருது, குடத்துலயே புடிச்சிக்கலாம். ஆனா நோயாளிங்களுக்கு மட்டுந்தான். 'நான் குடிநோயாளி'ன்னு இதுல கையெழுத்துப் போடணும்."

"எங்க போடணும் காட்டுங்க" என்றாள் குள்ளம்மாள்.

ஐம்பத்திரண்டு பேரும் போட்டார்கள். பச்சியப்பன் மேற்பார்வைக்கு வந்தவர். அவர் குடியிருந்த குவார்ட்டர்ஸிலும் குழாய் நின்று ஆறு நாளாகியிருந்தது. வரிசையைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். ஜீப்பிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் குடங்களை எடுத்துக்கொண்டு கடைசியில் போய் நின்றார்.

"நீங்களுமா சார்?" என்றார் ஃபிராங்க்ளின், வருத்தத்தோடு.

"ரொம்ப நாளா இருக்குதுங்க. வெளியில சொல்லலை."

அவருக்குப் பிறகு ஊர் ஆண்கள், வயசானவர்கள், பள்ளிக்கூட வாத்தியார் என்று எல்லாரும் குடிநோயை ஒப்புக்கொண்டார்கள். கையெழுத்துப் போட மறுத்தவர்கள் ஊரில் நாலே பேர். அவர்கள் நிஜமாகவே தினமும் குடிப்பவர்கள். நாலு பேர் பார்க்க அப்படியெல்லாம் எழுதிக் கொடுப்பது தங்கள் மரியாதைக்குக் குறைச்சல் என்று ஒதுங்கி நின்றுவிட்டார்கள்.

முகாமின் நிறைவில், ஊரில் குடிப்பழக்கம் இல்லாதவர்கள் எனப் பதிவேட்டின்படி தெரியவந்த அந்த நாலு பேரையும் கொண்டு கல்லாங்குத்து மது விழிப்புக் குழு அமைக்கப்பட்டது. அமைப்பாணையின் கீழே உதவி அலுவலர் பச்சியப்பன், நோயாளி எண் ஐம்பத்து மூன்று, கையெழுத்திட்டு முத்திரை வைத்தார்.