எருமை வயிற்றில் என் கடிதம்

அலுவிகாரை,
புதன்கிழமை.

அன்பு மச்சான் மோகனராஜ் அறிவது,

கொழும்பில் உனக்கும் பிள்ளைகளுக்கும் மாரியாத்தா துணையிருக்கட்டும். இங்கே உன் அக்கா பாலாமணி சுகம். நான் உயிரோடு இருக்கிறேன், அவ்வளவுதான்.

பன்னிரண்டு வருஷமாக நான் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது உனக்குத் தெரியும். நம் சந்தி பஸ் ஹோல்ட்டுக்குக் கூரை இல்லை, மழை வந்தால் சனம் நனைகிறது என்று பத்தொன்பது தடவை எழுதினேன். போன வெள்ளிக்கிழமை ஆசிரியருக்குப் புத்தி வந்து, பத்தொன்பதாவதை அரைப் பக்கத்துக்குப் போட்டுவிட்டார். 'வே. ராசையா, ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர்' என்று கீழே பெயரும் இருந்தது. கடைக்கு ஓடினேன், பேப்பர் முடிந்துவிட்டது. இருந்த ஒரே பிரதி நூல்நிலையத்தில். போனில் படம் பிடித்திருக்கலாமே என்பாய். பிடித்தேன் ஐயா, பிடித்தேன். என் கட்டைவிரல் வெகு தெளிவாக விழுந்திருக்கிறது.

நூல்நிலையப் பேப்பரை வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள், அங்கே இருக்கிற போட்டோகொப்பி மெஷின் திங்கட்கிழமைதான் சரியாகுமாம். மேசையில் விட்டால் விஜேந்திரன் மாஸ்டர் வந்துவிடுவார். என் கடிதத்துக்குப் பின்பக்கம் குறுக்கெழுத்து, அந்த மனுஷன் பேனையை அழுத்தினால் மூன்று பக்கத்துக்கு மை இறங்கும். அதனால், வாசிக்க வருகிற நாங்கள் எல்லாரும் செய்கிற மாதிரி, ஒளித்து வைத்தேன். படிக்கட்டுக்குக் கீழே ஒரு பெட்டி நிறையப் பழைய பேப்பர் கிடந்தது. இந்தக் குப்பைய எவன் தொடப்போறான்னு நடுவில சொருகிட்டு நிம்மதியா வீட்டுக்கு வந்துட்டேன்.

திங்கட்கிழமை போனால் பெட்டி காலி! சனிக்கிழமைகளில் அங்கே பெரிய பிள்ளைகளுக்குக் கைப்பணி வகுப்பாம். பதினாலு, பதினஞ்சு வயசுப் பிள்ளைங்க, மச்சான், சோதனைக்குப் படிக்க வேண்டிய பிள்ளைங்க, கோதுமை மாவுல பசை காய்ச்சி, மூங்கில வளைச்சுக் கட்டி, மேல பேப்பர ஒட்டி, ஆட்டளவுல ஒரு எருமைய செஞ்சு வச்சிருக்காங்க. மத்த பேப்பரையெல்லாம் கிழிச்சு ஒட்டினவங்க, வயிறு அகலம்னு என் பக்கத்த மட்டும் முழுசா ஒட்டியிருக்காங்க. கடிதம் வயித்துல தொடங்குது, என் பேர் சரியா வாலுக்குக் கீழ முடியுது!

"யாரு செஞ்சது இத?"ன்னு கத்தினேன். ஸஹ்னா என்கிற பிள்ளை, துளிகூடப் பயமில்லாமல், "நாங்கதான் அங்கிள். இன்னும் காயல்ல, தொடாதீங்க" என்றாள். நூலகர் பிரதீபா மிஸ்ஸிடம் முறையிட்டால் அவர் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். சுவரைப் பார்த்த பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'கைப்பணிக்கு' என்று இருக்கிறது. "இதுக்குள்ள புதுப் பேப்பர யாருங்க ஐயா போட்டாங்க?" என்று கேட்டார். சுவர் வாசிக்கவா எழுதி வைக்கிறார்கள்? வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் சொன்னால், "பன்னெண்டு வருஷமா அந்த ஹோல்ட்டுல நான் நனையிறேன். உங்களுக்குப் பேப்பர் நனைஞ்சதுதான் கவலை" என்கிறாள். வயிறு எரியுது மச்சான்.

ஆகவே நீ உடனே கொழும்பில் எங்கேயாவது அந்த வெள்ளிக்கிழமைப் பேப்பரைத் தேடிப் பிடி. அப்படியே உனக்குத் தெரிந்த அந்தப் பெரிய அதிகாரியிடம் சொல்லி இந்தக் கைப்பணி வகுப்பை நிறுத்தச் சொல். நூல்நிலையம் என்ன, மாட்டுப் பட்டியா?

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

மனம் நொந்த உன் அத்தான்,
வே. ராசையா

பி.கு.: தபாலில் போடுவதற்குள் வியாழக்கிழமை ஆகிவிட்டது. எருமையை நூல்நிலைய வாசலில் வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாம் குனிந்து வயிற்றை வாசிக்கிறார்கள். ஜென்மத்தில் பேப்பர் தொடாத ஹாட்வெயார் கடை பஸீர் முதலாளி இன்றைக்கு முட்டி போட்டு, வால் வரைக்கும் வாசித்துவிட்டு, "கிளாக்கர் ஐயா, நியாயமான பேச்சு. கடைக்குப் பின்னால எட்டுத் தகரம் சும்மா கெடக்கு, நாளைக்கு ஆள் அனுப்பிப் போட்டுர்றேன்" என்றார். உன் அக்கா நான் கேட்காமலே தேத்தண்ணி தந்தாள். அதனால் பேப்பர் தேட வேண்டாம், அதிகாரியிடம் வாயே திறக்காதே. எருமைக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிக்க இருந்தார்கள், வார்னிஷ் போதும் என்று சொல்லிவிட்டேன், ஒரு டின் அனுப்பு. தெரு விளக்கு பற்றி இருபதாவது கடிதம் எழுதி முடித்தாயிற்று. பத்திரிகைக்கு அனுப்பவில்லை. ஸஹ்னாவிடம் விசாரித்தேன், அடுத்தது யானையாம்.